'ரு'வை விழுங்கிய செய்தியக்கா

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். யார் தலையில் அடித்து வேண்டுமானாலும் சத்தியம் செய்யலாம். தலையைக் கொடுப்பவர் மட்டும் கொஞ்சம் திடகாத்திரமானவராக இருக்க வேண்டும்.

அந்த நாட்டில் அடுப்பு எரிவதும், குளிர்காலத்தில் வீடு கதகதப்பாக இருப்பதும் ஒரே ஒரு குழாயை நம்பித்தான். அதில் எரிவாயு மேல்வீட்டிலிருந்து வந்தது. மேல்வீடு என்றால் மாடி அல்ல. வடக்கே இருந்த பெரிய நாட்டுக்கு ஜனங்கள் வைத்த பெயர். கிழக்கே இருந்த சின்ன நாட்டுக்குப் பக்கத்து வீடு என்று பெயர். அந்த வருஷம் மேல்வீடு பக்கத்து வீட்டின்மேல் குண்டு போட ஆரம்பித்தது.

குழாயை நினைத்து நினைத்துத்தான் அரசாங்கம் வாயைத் திறந்தது. முதலில் 'கவனிக்கிறோம்' என்றது. பிறகு 'கவலைப்படுகிறோம்' என்றது. பள்ளிக்கூடத்தில் குண்டு விழுந்ததும் 'ஆழ்ந்து கவலைப்படுகிறோம்' என்றது. அதற்குமேல் ஆழமாகப் போனால் குழாய் இடிக்கும். ஆகவே அமைச்சர் தலைமையில் படிப்பாளிகள் கூடி, மண்டையை உடைத்துக்கொண்டு, "இந்தப் போரைக் கண்டிருக்கிறோம்" என்ற வாக்கியத்தைப் பெற்றெடுத்தார்கள். கண்ணால் பார்த்தோம், அவ்வளவுதான். கேட்பவனுக்குக் காரமாகச் சொன்ன மாதிரி இருக்கும். சொன்னவனுக்குச் சேதாரம் இல்லை.

அதை வானொலியில் வாசிக்க வேண்டியவள் செய்தியக்கா. அவளுடைய ஒரே தங்கை பக்கத்து வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். இப்போது பிள்ளைகுட்டிகளோடு நிலவறையில் பதுங்கி, சாயங்காலமானால் அக்காவின் குரலைக் கேட்பதற்கென்றே உயிரோடிருந்தாள். அன்று செய்திக்குக் கொஞ்சம் முன்னால் தொலைபேசியில் வந்தாள்.

"என்னக்கா, இன்னிக்கும் கவலைதானா? இல்ல, கவலைக்குப் பதவி உயர்வு ஏதும் குடுத்தாங்களா?"

"இன்னிக்குக் கண்டிருக்காங்கடி."

"கண்டிருக்காங்களா! கண்ணு தெரியுதே, அதுவரைக்கும் சந்தோஷம். ஏங்க்கா, நாம பொறந்த மண்ணுல ஒருத்தருக்காச்சும் சூடு சொரணை மிச்சம் இருக்கா? நாளைக்கு நான் செத்தா, அதையும் கண்டிருக்கோம்னு வாசிப்பியா?"

லைன் அறுந்தது. ஒலிபரப்பு தொடங்கியதற்கான சிவப்பு விளக்கு எரிந்தது. செய்தியக்கா தாளைக் கையில் எடுத்தாள். எச்சிலை விழுங்கினாள். எச்சிலோடு ஒரு 'ரு'வும் உள்ளே போயிற்று.

"இந்தப் போரைக் கண்டிக்கிறோம்" என்று நாடு முழுக்க ஒலித்தது.

அவள் 'வணக்கம்' சொல்லி முடிப்பதற்குள் குழாயில் வாயு நின்றது. ரொட்டிக்கடை வைத்திருந்த அவள் கணவரின் அடுப்பில், ரொட்டிகள் ஒரு பக்கம் வெந்து மறு பக்கம் மாவாக நின்றன. கோட்டின்மேல் கோட்டு போட்டுக்கொண்டு அமைச்சர் நிலையத்துக்கே ஓடி வந்தார்.

"எங்கம்மா அந்த ரு?"

"முழுங்கிட்டேங்க."

"நீ முழுங்கினது எழுத்து இல்லம்மா, நாட்டோட அடுப்பு! நாளைக்கு இதே நேரம் திருத்தம் வாசிக்கிற. ரு திரும்பி வந்தாத்தான் வாயு திரும்பி வரும். இல்லேன்னா உனக்கு இந்த வேலை இல்ல, எங்களுக்கு வெந்நீர் இல்ல."

ஊரே கரித்துக் கொட்டும் என்று எண்ணியபடி வீட்டுக்குப் போனாள். கணவர் கம்பளிக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டினார். "வா மகராசி. வீட்டையும் குளிர வெச்சுட்ட, மனசையும் குளிர வெச்சுட்ட."

காலையில் கடை அடுப்பில் பூனை தூங்கியது. வாசலில் வழக்கம்போல வரிசை நின்றது. விற்க ரொட்டி இல்லை. வாய்க்கு மட்டும் பஞ்சமில்லை.

"அவன் குழாயை மூடினா நாம வாயை மூடணுமா?" என்றாள் தையற்காரி.

"இத்தன வருஷம் மூடித்தானே வெச்சிருந்தோம். அதான் வயிறு எரியுது" என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர்.

அப்போதுதான் அது நடந்தது. வரிசையிலிருந்தவர்களின் வயிற்றெரிச்சல் ஒன்று சேர்ந்து கடைக்குள் நுழைந்தது. பூனை வாலைச் சுட்டுக்கொண்டு அடுப்பிலிருந்து வெளியே பாய்ந்தது. மாவு உப்பி, பொன்னிறமாகி, ரொட்டியாயிற்று. "ரத்தம் கொதிக்குதப்பா" என்று தபால்காரர் சொன்னதும், அவர் கையில் வைத்திருந்த கெட்டில் விசிலடித்தது. மதியத்துக்குள் கூரையிலிருந்த பனி உருகித் தெருவில் ஓடியது, ஜன்னல்களைத் திறந்துவைத்தார்கள். வெப்பநிலை அளக்க வந்த பொறியாளர், கருவி வெடித்ததால் கைக்குட்டையால் விசிறிக்கொண்டே திரும்பிப் போனார். ஜனங்களுக்கு நிஜமாகவே குளிர் விட்டுப் போயிற்று.

சாயங்காலம் திருத்தம் வாசிக்கும் நேரம். அமைச்சர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ரு ஒழுங்காக வெளியே வருகிறதா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நிலையத்துக்கு வெளியே கூட்டம். எல்லைக்கு அந்தப்பக்கம், நிலவறையில், தங்கையின் காது. வேலையும் வெந்நீரும் ஒரு தட்டில். அந்தக் காது இன்னொரு தட்டில். செய்தியக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நேற்றைய செய்தியில் ஒரு திருத்தம். 'இந்தப் போரைக் கண்டிக்கிறோம்' என்று வாசிக்கப்பட்டது. அது தவறு. 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்று திருத்திக்கொள்ளவும்."

அமைச்சர் ஒரு கோட்டைக் கழற்றினார். இன்னொன்றையும் கழற்றினார்.

"கேட்டாங்கன்னா, அந்த ருவை அச்சடிச்சவன் விட்டுட்டான்னு சொல்லிருவோம்மா" என்றார். "ஆனா, 'மிக வன்மையாக'ன்னு வாசிச்சிருக்கலாம்."

சிவப்பு விளக்கு அணைந்ததும் தங்கை தொலைபேசியில் வந்தாள். "அக்கா, இங்க மேலேருந்து மண்ணு உதிருதுக்கா!"

"குண்டாடி?"

"கைதட்டல்க்கா."

அக்கா ஒலிவாங்கியின் முன்னால் முதல்முறையாக அழுதாள்.

அந்த வாரத்திலேயே குழாய் தானாகத் திறந்தது. மேல்வீடு மிரண்டுபோய்த்தான் திறந்தது என்று அந்த நாடு இன்றுவரை மார்தட்டிக்கொள்கிறது. செய்தியக்கா தெருவில் நடந்தால் அமைச்சர்கள் எழுந்து நிற்கிறார்கள்.

மேல்வீட்டில் செய்தியக்கா வாசித்த மொழி தெரிந்தவர் அன்றைக்கும் ஒருவர்கூடக் கிடையாது, இன்றைக்கும் கிடையாது.