ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள்

சென்னீர்குப்பத்தில் எங்கள் வீடு பெங்களூர் ரோட்டை ஒட்டினாற்போல இருந்தது. வீட்டில் நானும் என் தங்கை நாகவல்லியும்தான். நான் மண் வேலைக்குப் போகிறவன். ரோடு போடுவது, பள்ளம் தோண்டுவது, எங்கே கூப்பிட்டாலும் போவேன். நாகவல்லிக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து இரண்டு காலும் விழுந்துவிட்டது. பூந்தமல்லியில் வெல்டிங் கடை வைத்திருந்த ஆனந்தன், இரண்டு பழைய சைக்கிளை வெட்டி அவளுக்கு ஒரு மூன்று சக்கர வண்டி செய்து கொடுத்தார். கையால் சுற்றினால் ஓடும். வாசலில் அந்த வண்டியில் உட்கார்ந்தபடியே பழைய பேப்பரில் கடைக்குப் பை ஒட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆவடி குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் பதினைந்து, இருபது பேர் எங்கள் வீட்டைத் தாண்டி நடந்து போவார்கள். அப்பாமாருக்கெல்லாம் ஃபேக்டரியில் வேலை. ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு ஊர். பிள்ளைகள் சேர்ந்து நடைச் சங்கம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரைக்கும் போய் வருவார்கள். ஒருநாள் நாகவல்லி அவர்களை நிறுத்திக் கேட்டாள்.

"கூட்டமா எங்கே போறீங்கோ?"

"நடக்கறதுக்குக்கா."

"நடந்து எங்கே?"

"எங்கயும் இல்ல. சும்மா நடக்கத்தான்."

"சும்மா நடக்கறதுக்கா ஆவடிலேர்ந்து வர்றீங்கோ? ஊட்ல எடம் இல்லியா?"

எல்லோரும் சிரித்தார்கள். முன்னால் நின்ற ரகுநாதன், "நீங்களும் வாங்களேன்" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் அவள் காலைப் பார்த்தான். முகம் செத்துப் போனது.

நாகவல்லி விடவில்லை. "வர்றேன். ரோட்ல எவ்ளோ தூரம் வேணா வருவேன். கரை மேலதான் ஏற முடியாது. அதுக்கு நீ இன்னா பண்ணப்போற?"

அப்படித்தான் ஆரம்பித்தது. கரையைப் பார்த்துக்கொள்ளும் ஓவர்சியரிடம் ரகுநாதன் நாலைந்து முறை அலைந்து, வண்டி ஏற வழி போட அனுமதி வாங்கினான். கரையில் மண்வெட்டி படக்கூடாது, வெளியிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டித்தான் ஏற்றம் போட வேண்டும் என்றார் அவர். மண் வேலை அந்தப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்? நான் போனேன். வாரத்தில் ஆறு நாள் கூலிக்கு மண் சுமந்தவன், ஏழாவது நாள் சும்மா சுமந்தேன். ஏனோ அந்த நாளில் மட்டும் தோள் வலிக்கவில்லை.

காலேஜில் படிக்கிற பிள்ளைகள் கூடை தூக்கினார்கள். முதல் ஞாயிறே கை கொப்பளித்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த ஞாயிறும் வந்தார்கள். ஏற்றம் எவ்வளவு சரிவாக இருக்கலாம் என்று ரகுநாதன் நோட்டில் கணக்குப் போட்டான். நான், "கணக்கு வேணாம் தம்பி, அவளையே ஏறச் சொல்லு" என்றேன். ஒவ்வொரு வாரமும் வேலை முடிந்ததும் நாகவல்லி வண்டியைச் சுற்றிக்கொண்டு ஏறுவாள். எந்த இடத்தில் கை ஓய்ந்து நிற்கிறாளோ அங்கே சுண்ணாம்பு போடுவோம். அடுத்த வாரம் அந்த இடத்துக்குக் கீழே மண் போட்டு, திமிசுக்கட்டையால் இடித்து, ஏற்றத்தைத் தணிப்போம். பதினோரு ஞாயிறு. பதினோராவது ஞாயிறு அவள் நிற்காமல் மேலே போய்விட்டாள். புஷ்பா ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

புஷ்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதுரைப் பக்கத்துக் குடும்பம். அந்தக் கூட்டத்தில் மூன்று பெண்களில் ஒருத்தி. வேலை நாளிலும் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். நாகவல்லியோடு உட்கார்ந்து பை ஒட்டுவாள், எங்கள் பேச்சைப் பேசிக் காட்டுவாள். "இன்னாக்கா, நல்லா கீறியா?" என்பாள். "நீ பேசறது ரேடியோல பேசற மாதிரி கீது, உட்டுடு" என்பாள் என் தங்கை. நாகவல்லிக்கு அதற்கு முன் சிநேகிதி என்று யாரும் இருந்ததில்லை.

கரை மேலே கல்லையும் முள்ளையும் பொறுக்கி, முதல் மதகு வரைக்கும் ஒரு மைல் தூரம் பாதையைச் சமன் செய்து முடித்தோம். மாசி மாதம் ஒரு ஞாயிறு திறப்பு. பட்டாளத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வருகிறார் என்றார்கள். எல்லோருக்கும் முன்னால் நாகவல்லியின் வண்டிதான் போக வேண்டும், அவள் பின்னால்தான் மற்றவர்கள் நடப்பார்கள் என்று ரகுநாதன் எல்லோர் முன்னிலையிலும் சொன்னான். அன்றிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை. வண்டிச் சக்கரத்துக்கு என்னை இரண்டு தடவை எண்ணெய் போட வைத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் புஷ்பா வந்தாள். கதம்பம் வாங்கி வந்து நாகவல்லி தலையில் வைத்துவிட்டாள். "நாளைக்கு ஏழு மணிக்குக் கரைக்கு வந்துடுங்கக்கா. சீக்கிரம் வந்து பனியில காத்திருக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். காபி குடிக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

நாங்கள் விடியுமுன் கிளம்பினோம். ஏற்றத்தின் அடிக்குப் போனபோது ஏழாக இன்னும் கால் மணி இருந்தது. வெளிச்சம் வந்துவிட்டது. ஒருவரும் இல்லை.

"நம்மதான் மொதல்ல வந்துட்டோம்" என்றாள் நாகவல்லி. "பாத்தியா, அவங்கள்லாம் தூங்கிகினு கீறாங்கோ."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தின நாள் புஷ்பா போன பிறகு நான்தான் வந்து ஏற்றத்துக்குத் தண்ணீர் தெளித்து, கடைசியாக ஒருமுறை இடித்துவிட்டுப் போனேன். அந்த ஈர மண்ணில் ஷூ கால்தடம், செருப்புத்தடம், முப்பது நாற்பது பேருக்கு. எல்லாம் மேலே போன தடம்.

பக்கத்தில் புளியமரத்தில், முந்தின நாள் இல்லாத ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நான் முப்பத்தாறு வயதுக்கு மேல் ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் எழுத்து கற்றவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்.

"இன்னா போட்டுக்கீது?" என்றாள்.

படித்தேன். ஏரிக்கரைப் பாதைத் திறப்பு, ஆறு மைல் நடை, காலை ஐந்தரை மணிக்கு.

"ஒயுங்கா படி."

மறுபடி படித்தேன். ஐந்தரை.

"உனுக்கு இன்னும் சரியா படிக்க வரல. ஏழு மணின்னு போட்டிருக்கும். நீ தப்பா படிக்கிற."

அவள் என்னைக் கோபமாகத்தான் பார்த்தாள். நான் தப்பாகப் படிக்கிறவனாகவே இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். மூன்றாவது முறை விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். அடியில் நோட்டீஸ் அடித்த தேதி இருந்தது. அதையும் படித்தேன். போன மாதத்துத் தேதி. அச்சு அடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

நாகவல்லி ஏற்றத்துப் பக்கம் திரும்பினாள். பிறகு வண்டியைச் சுற்ற ஆரம்பித்தாள். தள்ளட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

கரை மேலே கால் மைல் போயிருப்போம். எதிரே அவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் அந்தப் பெரியவர், வெள்ளை பேண்ட், கையில் கடிகாரம். பக்கத்தில் ரகுநாதன். எங்களைப் பார்த்ததும் அவன் நடை தளர்ந்தது. பெரியவர் நின்று, "சபாஷ்" என்று சொல்லிக் கை தட்டினார். அவர் தட்டியதைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள்.

ரகுநாதன் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னான். "கன்னியப்பண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு மணி நேரத்துல ஆறு மைல் முடிச்சாத்தான் சங்கத்துக்கு இவர் சர்டிபிகேட் குடுப்பாரு. பாதை அகலம் பத்தாது. வண்டி முன்னால போனா யாரும் தாண்ட முடியாது."

"இத நேத்தே சொல்லியிருக்கலாமே தம்பி."

"சொன்னா அக்கா மனசு கஷ்டப்படும்னுதான்."

நாகவல்லி அவனைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தில் ஐந்தாவதாக நின்ற புஷ்பாவைத்தான் பார்த்தாள்.

"நேத்து பூ வெச்சியே, அப்போ உனுக்குத் தெரியுமா?"

புஷ்பா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேக்கறேன் இல்ல, சொல்லு."

"தெரியும்க்கா." அழுகை வந்துவிட்டது அவளுக்கு. "அடுத்த ஞாயிறு உங்களுக்குன்னே ஒரு நடை வெக்கறோம்க்கா. எல்லாரும் வருவோம். நீங்கதான் முன்னால."

"ரகு வந்து சொல்லியிருந்தா, நோட்டீஸ் எங்கேன்னு கேட்டிருப்பேன். நீ சொன்னதால கேக்கல. அதுக்குத்தான் உன்னிய அனுப்பிச்சிக்கீறாங்கோ. நீயும் வந்துக்கீற." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "சரி, வழி உடு."

புஷ்பா சரிவில் இறங்கி நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக இறங்கி நின்றார்கள். பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை, அவரும் இறங்கினார். நாகவல்லி நடுவே போனாள். நான் பின்னால் போனேன். கையில் துணி சுற்றி மண் தூக்கிய பிள்ளைகள்தான் எல்லோரும். ஒரு கூடை குறையாமல் தூக்கியவர்கள். அந்தப் பதினோரு ஞாயிறும் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பொய்யாக இருந்திருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன்.

மதகு வரைக்கும் போனோம். தண்ணீர் நிறைய இருந்தது. அவள் பார்த்த மாதிரி தெரியவில்லை. தலையிலிருந்த கதம்பத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஊட்டுக்குப் போலாம்" என்றாள்.

அடுத்த ஞாயிறு அவர்கள் வந்தார்கள். நிறைய பேர் நடந்துவரும் சத்தம் தூரத்திலேயே கேட்டது. நாகவல்லி உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வாசலில் சத்தம் நின்றது.

"அக்கா." புஷ்பாவின் குரல்.

நாகவல்லி என்னைப் பார்த்தாள். "நான் இல்லன்னு சொல்லு."

வெளியே போனேன். புஷ்பா மட்டும் வாசல்வரை வந்திருந்தாள். ரகுநாதனும் மற்றவர்களும் ரோட்டில் நின்றார்கள்.

"ஊட்ல இல்லம்மா" என்றேன்.

மூன்று சக்கர வண்டி எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. புஷ்பா அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"சரிண்ணே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.