தெருவில் சொன்ன சொல்

முத்துச்செல்வி கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓரகடத்தில் ஒரு கார் சீட் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். ஆனாலும் முழு சீட் ஒன்றை அவள் தைத்ததே இல்லை. தலை சாய்க்கும் சின்ன மெத்தை இருக்கிறதே, அதன் பக்கவாட்டுத் தையல் மட்டும்தான் அவள் வேலை. மீதியை லைனில் அடுத்து இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒரு சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து கேட்டுக்கு வந்தபோது கான்ட்ராக்ட் முடிந்துவிட்டதென்று அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

அவள் கணவன் இசக்கிதுரை குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறான். இருவருக்கும் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். பென்னலூரில் வாடகை வீடு, வீட்டை ஒட்டி வண்டி நிறுத்த ஒரு தகரக் கொட்டகை. "சீட்டு தைக்கத் தெரிஞ்சவளுக்கு சோபா தைக்கத் தெரியாதா?" என்று அவன்தான் ஆரம்பித்தான். மணிமங்கலத்தில் சாமான் இறக்கப் போன வீட்டில், சோபா உள்ளே இறங்கிவிட்டது, உறையும் கிழிந்துவிட்டது என்று வீட்டுக்கார அம்மா புலம்பியதைக் கேட்டு, "எம் பொண்டாட்டி பண்ணுவா" என்று சொல்லிவிட்டு வந்தான்.

அந்த அம்மா பெயர் மரகதம். கணவர் எல்லப்பன். பின்பக்கம் வரிசையாக அறைகள் கட்டி கம்பெனிப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் சோபா புதுசாக வேண்டும். பெரிய சோபா ஒன்று, ஒற்றை சோபா இரண்டு. முதலில் பெரியதை மட்டும் எடுத்துப் போங்கள், அது நன்றாக வந்தால் மற்றதைத் தருகிறேன் என்றாள் மரகதம். ஹாலில் நின்று, "தேக்கு. பாத்து பண்ணு" என்று கைப்பிடியைத் தட்டிக் காட்டினாள்.

கொட்டகையில் சோபாவைக் கவிழ்த்துப் போட்டுச் சுற்றி வந்து பார்த்தாள் முத்துச்செல்வி. எங்கே ஆரம்பிப்பது? செல்போனில் நாலைந்து வீடியோ பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: பழைய உறையைக் கிழிக்காதே, ஸ்டேப்ளர் பின்னை ஒவ்வொன்றாகப் பிடுங்கு. அந்தத் துணிதான் புதுத் துணிக்கு அளவு. ஒவ்வொரு துண்டைக் கழற்றும்போதும் அதன் மேல் சாக்பீஸால் இடது கை, வலது கை, முதுகு என்று எழுதினாள். மாட்டியிருந்த விதத்தைப் போட்டோ எடுத்தாள். விரல் நுனியெல்லாம் பின் குத்திப் புள்ளி புள்ளியாக ரத்தம். ஆனால் ஒரு பொருளை முழுதாகப் பிரித்து, எது எதைத் தாங்கி நிற்கிறது என்று பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. மத்தியானச் சோற்றை மறந்துவிட்டாள்.

உட்காரும் இடத்துத் துணியை எடுத்ததும் ஃபோம் மாவாகக் கொட்டியது. அதற்குக் கீழே நெளி நெளியாக ஸ்பிரிங். ஸ்பிரிங் அடித்திருந்த குறுக்குக் கட்டை நடுவில் முறிந்து தொங்கியது. அதைக் கையில் எடுத்தவள் இசக்கிதுரையைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க. இது என்ன மரம்?"

வெளுத்த, லேசான பலகை. ஓரத்தில் கறுப்பு மையில் குடையும், மேல் நோக்கிய அம்புக்குறியும். கம்பெனிகளுக்கு மெஷின் வரும் பெட்டியைப் பிரித்த பலகை. இந்தப் பலகையை தினமும் ஏற்றி இறக்குகிறவன் அவன்.

"பெட்டி மரம்லா இது!" என்றான். "கைப்பிடியும் காலும் மட்டும் தேக்கு. உள்ள பூரா இதான். நல்லா ஏமாத்திருக்கானுவ."

முத்துச்செல்வி போட்டோ எடுத்து மரகதத்துக்கு அனுப்பினாள். உள்ளே மரம் முறிந்திருக்கிறது, வேறு கட்டை போட வேண்டும், போடட்டுமா என்று குரல் பதிவும் அனுப்பினாள். நேரில் வா என்று மட்டும் பதில் வந்தது.

போனார்கள். மரகதம் கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தாள். வண்டியை விட்டு இறங்கக்கூட விடவில்லை.

"இன்னாம்மா இது? தேக்குன்னு வாங்குன சோபா. நல்ல மரத்த உருவிகினு பொட்டி மரத்த வச்சி எனக்கே போட்டோ அனுப்புறியா?"

"அக்கா, நான் ஒண்ணையும் மாத்தலை. பிரிச்சா உள்ள இப்பிடித்தான்..."

"எனக்கே கத சொல்றியா? எங்கேர்ந்தோ பொழைக்க வர்றீங்க, வூட்டுப் பொருள நம்பிக் குடுத்தா கைய வச்சிட்றீங்க. திருட்டுக் கும்பல்!"

கடைசிச் சொல் தெரு முழுக்கக் கேட்டது. எதிர்க் கடைப் பெண் எடை போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஷிப்டுக்கு பஸ் ஏறக் கிளம்பிய வாடகை அறைப் பெண்கள் அப்படியே நின்றார்கள். அதில் ஒருத்தி முத்துச்செல்வியோடு ஒரே லைனில் இருந்தவள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முத்துச்செல்விக்குப் பதில் சொல்ல வாயெடுத்தால் அழுகைதான் வரும் போலிருந்தது. அழுதால் திருடினதாகவே முடிவு கட்டிவிடுவார்கள் என்று பல்லைக் கடித்தாள். பேருந்து ஹாரன் கேட்டுப் பெண்கள் ஓடிய பிறகுதான் குரல் வந்தது.

"அண்ணே," என்றாள், உள்ளே வாசலில் நின்ற எல்லப்பனைப் பார்த்து. "ரெண்டு ஒத்தை சோபாவும் உங்க வீட்லதான கெடக்கு? நான் அதத் தொட்டது கூட கெடையாது. ஒண்ணக் கவுத்துப் பாருங்க."

"அதையும் நாசம் பண்ணவா?" என்றாள் மரகதம்.

"நான் தொடமாட்டேன். கையக் கட்டிட்டு நிக்கேன். அண்ணனே பிரிக்கட்டும்."

எல்லப்பன் கொஞ்சம் யோசித்தார். "பாத்துட்டா ஆச்சி, இன்னா இப்போ?" என்று உள்ளே கூப்பிட்டார். ஒற்றை சோபாவைக் கவிழ்த்து, அடித்துணியை ஸ்குரூ டிரைவரால் நெம்பி ஒரு பக்கமாக உரித்தார். உள்ளே அதே வெளுத்த பலகை. இதில் ஏதோ வெளிநாட்டு எழுத்து வேறு.

மரகதம் வெடித்தாள். "அந்தக் கடைக்காரன் நாசமா போவ! தேக்குன்னு சத்தியம் பண்ணானே! வண்டிய எடுய்யா, இப்பவே போயி கேளு!" கடைக்காரனைத் திட்டினாள், கடையைக் காட்டிவிட்ட நாத்தனாரைத் திட்டினாள், அன்றைக்கு விசாரிக்காமல் வாங்கிய புருஷனைத் திட்டினாள். கடைசியில் முத்துச்செல்வி பக்கம் திரும்பி, "சரி சரி, நல்ல கட்டையா போட்டு சீக்கிரம் முடி. ஆளுங்க வர்றாங்க" என்றாள்.

அவ்வளவுதானா? முத்துச்செல்வி நின்று பார்த்தாள். அவ்வளவுதான்.

அந்தக் கோபத்தோடுதான் மீதி வேலையைச் செய்தாள். மரக்கடையில் வேங்கைக் கட்டை வாங்கி அறுத்து அடித்தார்கள். முதல் இரண்டு குஷன்களைத் தைத்து வைத்துப் பார்த்தால் ஒன்று வெளிறியும் பக்கத்தது இருண்டும் தெரிந்தது. புது வெல்வெட் துணியின் ரோமம் ஒன்றில் மேல்நோக்கி, மற்றதில் கீழ்நோக்கி. தலையில் அடித்துக்கொண்டு பிரித்து மறுபடி வெட்டினாள். முதுகுத் துணியை மூலையிலிருந்து இழுத்து அடித்ததில் குறுக்கே சுருக்கம் விழுந்தது. பின்னையெல்லாம் பிடுங்கினாள். நடுவில் ஒன்று, எதிர்ப்பக்கம் நடுவில் ஒன்று, பிறகு இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக மூலைக்குப் போக வேண்டும் என்பது இரண்டாம் தடவைதான் கைக்கு வந்தது. ஒவ்வொரு பின் அடிக்கும்போதும் 'திருட்டுக் கும்பல்' என்ற சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

"வேலைய முடிச்சிக் குடுத்துட்டு மறந்துரு, செல்வி" என்றான் இசக்கிதுரை. "நாம வேலை தேடி வந்த ஆளுங்க."

"வேலை தேடி வந்தா? வாயில வந்தத வாங்கிட்டுப் போகணுமோ?" ஸ்டேப்ளரைத் தரையில் வைத்தாள். "வீட்டுக்குள்ள நான் திருடலைன்னு தெரிஞ்சிட்டு. தெருவுல? அந்தப் பிள்ள மொகத்தத் திருப்பிட்டுப் போனாளே, அவளுக்கு யாரு சொல்லுவா?"

அவன் குனிந்து தரையில் சிதறிய பின்களைப் பொறுக்கினான்.

சோபாவை ஏற்றிக்கொண்டு மணிமங்கலம் போனபோது சாயங்காலம். காலை ஷிப்டுப் பெண்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டவளும் அதில் இருந்தாள். இசக்கிதுரை சோபாவைக் கட்டியிருந்த கயிற்றில் கை வைத்தான். முத்துச்செல்வி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

மரகதம் வெளியே வந்தாள். "நல்லாத்தான் கீது. இறக்குங்க."

"இறக்குதோம்க்கா. அன்னைக்கி இங்க நின்னு திருட்டுக் கும்பல்னு சொன்னியளே. அது இல்லன்னு இதே எடத்துல நின்னு சொல்லிருங்க."

"இன்னாது?"

"இங்கதான சொன்னிய. இங்கயே சொல்லுங்க."

"அத்த இன்னுமா புடிச்சிகினு கீற? ஏதோ கோவத்துல வந்துடுச்சி. உள்ள வா, ரவிக்கத் துணி எடுத்து வச்சிகீறேன், வெத்தல பாக்கோட தரேன்."

"துணி வேண்டாம்க்கா."

மரகதத்தின் முகம் கறுத்தது. உள்ளே போய்விட்டாள். எல்லப்பன் வந்து, "தப்புதாம்மா, நான் சொல்றேன், வுடு" என்றார். "நீங்க சொல்லலையேண்ணே, அக்காதான சொன்னாங்க" என்றாள் முத்துச்செல்வி. வண்டியைப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் கூடிவிட்டது. கூடட்டும் என்று நின்றாள். இசக்கிதுரை கயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

கொஞ்ச நேரம் கழித்து மரகதம் மறுபடி வந்தாள். யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "இந்தப் பொண்ணு எங்க வூட்டு மரத்த எடுக்கல. கடக்காரன்தான் ஏமாத்திட்டான். நான் தெரியாம திருடின்னு சொல்லிட்டேன்." கடைசி வார்த்தைகள் தேய்ந்து போயின. ஆனாலும் கேட்டது.

கயிற்றை அவிழ்த்தார்கள். சோபாவை ஹாலில் சரியாக ஜன்னலுக்கு எதிரே போட்டு, குஷன்களைத் தட்டி அடுக்கினாள். மரகதம் உட்கார்ந்து பார்த்தாள். நன்றாக இருக்கிறதென்று சொல்லவில்லை. ஒற்றை சோபாக்களை எப்போது எடுத்துப் போவாய் என்றும் கேட்கவில்லை. முத்துச்செல்வியும் கேட்கவில்லை.

வண்டியில் ஏறப் போனபோது எதிர்க் கடைப் பெண் ஓடி வந்தாள். "எங்க வூட்லயும் அதே கடையில வாங்குன சோபா ஒண்ணு கீது. வந்து பாக்குறியா?"

"பாக்கேன்க்கா. ஆனா பிரிக்கும்போது நீங்க பக்கத்துல இருக்கணும். இருந்தாத்தான் கை வைப்பேன்."

"ஏன்மா, ஒம்மேல எனக்கு நம்பிக்க இல்லாமயா?"

"உங்களுக்கு இருக்கும்க்கா. எனக்குத்தான் இப்ப யார் மேலயும் இல்ல" என்று சொல்லிவிட்டு முத்துச்செல்வி வண்டிக் கதவைச் சாத்தினாள்.