சில்லு வைத்த வீட்டில் பால் காய்ச்சியது

தேங்காயெண்ணெய் உறைந்தால் யாரும் அதிர்ச்சியடைவதில்லை. அன்று காலை உறைந்திருந்தது பல் துலக்கும் பிரஷ். கோப்பைக்குள் நின்ற பிரஷைத் தூக்கினேன். கோப்பையும் சேர்ந்து வந்தது. கோப்பையோடு சவர்க்காரத் தட்டும் வந்தது. மூன்றையும் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

"சுபாங்கி, குளியலறை முழுக்கக் கையோடை வருது."

போர்வைகளுக்குள்ளிருந்து என் மனைவி இருமினாள். மார்கழி தொடங்கியதிலிருந்து அவளுடைய பதில்களில் பாதி இருமல்தான்.

நாங்கள் குடியிருந்தது ஒரு காம்பிங்காரில். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கட்டிய பழைய வெள்ளை வான். பிரெஞ்சு ஓய்வூதியக்காரர்கள் கோடையில் கடற்கரைக்கு ஓட்டிப் போவார்களே, அதுதான். எங்களுடையது பாரிஸில், ரூ பஜோல் என்ற தெருவில், ஸ்ரீஸ்கந்தராசா அண்ணையின் பலசரக்குக் கடைக்குப் பின்முற்றத்தில், வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றது. முன்பு நாங்கள் இருந்த அறையைச் சொந்தக்காரர் விற்றுவிட்டார். புதிய வீடு தர ஒரு பிணையாளி கேட்கிறார்கள். பிணை நிற்கச் சொல்லிக் கேட்டால், எங்கள் ஆட்கள் நிறைந்த லா சப்பலில் உள்ள அத்தனை உறவினருக்கும் திடீரென்று ஒரு செத்தவீடு வந்துவிடுகிறது. "ஒரு குளிர்காலம்தானே" என்று சொல்லி இந்த வானை வாங்கினோம். சொன்னது நான். சுபாங்கி அந்த வாக்கியத்தை அவ்வப்போது எனக்கு ஞாபகப்படுத்துவாள்.

குளிர்காலம் வானைப் பகுதி பகுதியாகத் தின்றது. முதலில் கூரை யன்னல் காற்றில் பறந்துபோய் ஒரு சலூன் வாசலில் விழுந்தது. அந்த ஓட்டையை அரிசிச் சாக்கும் ஒட்டுநாடாவும் போட்டு மூடினேன். பிறகு தண்ணீர்க் குழாய் வெடித்தது. வெடித்தது எங்களுக்குத் தெரியாது. உள்ளே இருந்த பனிக்கட்டியே அதை அடைத்து வைத்திருந்தது. ஒருநாள் நல்ல வெயில் எறித்தது. படுக்கை நனைந்தது. பாரிஸில் வெயில் வந்ததற்காக அழுத குடும்பம் நாங்களாகத்தான் இருக்கும்.

கடைசியாக ஷோபாஜ் நின்றது. சூடாக்கியை இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

சுபாங்கி நகைக்கடையில் வேலை செய்கிறாள். தாலிக்கொடியை எடுத்துக் காட்டும்போது அவள் இருமினால், வாங்க வந்தவர்கள் சகுனம் சரியில்லை என்று எழும்பிப் போய்விடுகிறார்கள். முதலாளி இரண்டு தரம் முகத்தைச் சுளித்துவிட்டார். அதன் பிறகுதான் அவள் சொன்னாள்:

"இஞ்சை பாருங்கோப்பா. பொங்கலுக்கிடையிலை ஷோபாஜ் வேலை செய்யாட்டி நான் அம்மா வீட்டை போறன். கோவத்திலை இல்லை. குளிரிலை."

அம்மா வீடு லெ பிளாங்-மெனில் என்ற புறநகரில், மாடிக் குடியிருப்பு ஒன்றில் முதலாம் தளம். அங்கே ஓர் அறையில் மைத்துனனும் மனைவியும். மற்ற அறையில் மாமி. மாமியின் கட்டிலில் மகளுக்கு இடமுண்டு. மருமகனுக்கு இடமிருக்க நியாயமில்லை. சுபாங்கி போனால் எனக்கும் அவளுக்கும் இடையில் ஒரு ரயிலும் ஒரு பஸ்ஸும். போனவள் வருவாளா? சூடான வீட்டை விட்டுக் குளிரான புருஷனிடம் யாரும் திரும்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பொங்கலுக்கு முதல்நாள் கிரிகோரி வந்தான். காம்பிங்கார் திருத்துகிற பிரெஞ்சுக்காரன். கதவைத் திறந்து உள்ளே பார்த்தான். அரிசிச் சாக்கைப் பார்த்தான்.

"இதற்குள்ளேயா இருக்கிறாய்?" என்று பிரெஞ்சில் கேட்டான்.

"மனைவியோடு" என்றேன்.

அவன் தொப்பியைக் கழற்றினான்.

அடுப்புக்குப் பக்கத்து இருக்கைக்குக் கீழேதான் ஷோபாஜ். அதன் மின்னணுத் தட்டு பழுது. புதியதைப் பூட்டினான். ஒரு விசிறி சுழன்றது. புழுதி மணத்தோடு சூடான காற்று வந்தது. சுபாங்கி இரண்டாவது தொப்பியைக் கழற்றினாள். பிறகு முதலாவதையும் கழற்றினாள். அவளுடைய தலைமுடியைப் பார்த்து நான் அதிர்ந்துபோனேன். அது இவ்வளவு நீளம் என்பதை மறந்திருந்தேன்.

"சரி, நான் போகேல்லை" என்றாள்.

மறுநாள் காலை மாமி வந்தார். பெயர் யோகராணி. கையில் வெறும் சூட்கேஸ் ஒன்று, மகளின் உடுப்புகளை அள்ளிக்கொண்டு போக. உள்ளே ஏறியவர், கோட்டைத் திறந்துவிட்டு, வெயிலில் நின்றவரைப்போல முகத்தைத் துடைத்தார். அவருக்கு ஏமாற்றம்.

"சூடாக் கிடக்கு" என்றார், குற்றம் கண்டுபிடித்த குரலில்.

"ஓம் மாமி. நேற்றுத்தான் திருத்தினது."

"திருத்தினா? நாளைக்கு வேறை ஏதும் உடையும். தம்பி, குடிபூரேக்கை பால் காய்ச்சினனீங்களோ?"

நானும் சுபாங்கியும் ஒருவரையொருவர் பார்த்தோம். வாங்கிய அன்று பீட்சா சாப்பிட்டது ஞாபகம் வந்தது.

"ஐயோ கடவுளே" என்றபடி மாமி சூட்கேஸின் மேலேயே உட்கார்ந்தார். "பால் காய்ச்சாத வீட்டிலையோ என்ரை பிள்ளை இவ்வளவு நாளும் படுத்தது? கூரை பறக்கும்தானே. குழாய் வெடிக்கும்தானே."

"அது பனியாலை வெடிச்சது அம்மா."

"பனி எல்லாருக்கும்தான் கொட்டுது. எங்கடை குழாய் வெடிச்சதோ?"

இதற்குப் பதில் சொல்ல எனக்குப் பௌதிகம் தெரியும். ஆனால் மாமியைத் தெரியும் என்பதால் பேசாமல் இருந்தேன்.

அண்ணை கடையிலிருந்து புதுப் பானையும் பாலும் கொண்டுவந்தார். காலை நல்ல நேரம், அதுவும் தைப்பொங்கல், இதைவிட வேறு நாள் எது என்றார் மாமி. பால் கிழக்கே பொங்கி வழிந்தால் குடும்பம் தழைக்கும். மேற்கே வழிந்தால் என்ன ஆகும் என்பதை அவர் சொல்லவில்லை. கையை மட்டும் விரித்துக் காட்டினார். பிறகு அடுப்புத் தட்டில் ஒரு தோடம்பழத்தை வைத்தார். அது மேற்கே உருண்டு கீழே விழுந்தது.

"வீடு மேற்காலை சரிஞ்சு கிடக்கு" என்றார்.

"அக்கா, அதுக்கென்ன, வீட்டை நிமித்துவம்" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை. உலகத்தில் எந்தப் புதுமனை புகுவிழாவிலும் இப்படி ஒரு வாக்கியம் சொல்லப்பட்டிருக்காது. தன் வானிலிருந்து, சில்லு மாற்ற வண்டி தூக்கும் ஜக்கை எடுத்துவந்து, மேற்குப் பக்கத்துக்குக் கீழே கொடுத்துத் தூக்கத் தொடங்கினார். உள்ளே தட்டுமுட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக இடம்மாறின.

"காணுமோ?" என்று வெளியிலிருந்து குரல்.

மாமி தோடம்பழத்தை வைத்துப் பார்த்தார். நின்றது.

"இன்னும் கொஞ்சம். பால் தோடம்பழம் மாதிரி லேசிலை உருளாது."

பால் பொங்கியது. சுபாங்கி என் கையைப் பிடித்தாள். வெள்ளை நுரை பானை விளிம்பில் ஒரு கணம் யோசித்துவிட்டு, மாமி சொன்னபடியே, ஒரு துளிகூட வழிதவறாமல் கிழக்கே இறங்கியது. அடுப்புத் தட்டைத் தாண்டியது. மரப்பலகை இடுக்கைக் கண்டது. அதற்குள் புகுந்தது.

"பொங்கலோ பொங்கல்" என்றார் மாமி, கண்கள் கலங்க.

இருக்கைக்குக் கீழே 'டிக்' என்று ஒரு சத்தம். கருகிய பால்மணத்தோடு கடைசியாக ஒரு சூடான மூச்சு வந்தது. விசிறி நின்றது.

அண்ணை ஜக் கம்பியோடு கதவடியில் வந்து நின்று, எங்கள் முகங்களைப் பார்த்து, "நான் கனக்கத் தூக்கிப்போட்டனோ?" என்றார்.

நான் கிரிகோரிக்குத் தொலைபேசி எடுத்தேன். உள்ளே என்ன ஊற்றுப்பட்டது என்று கேட்டான். பால் என்றேன். பால் ஏன் அங்கே போனது என்று கேட்டான். கிழக்கு அந்தப் பக்கம் என்றேன். பிறகு, புது மின்னணுத் தட்டு வர ஒரு கிழமையாவது ஆகும் என்று, நோயாளியின் வீட்டுக்காரரோடு பேசுவதுபோல மெதுவாகச் சொன்னான்.

சுபாங்கி மாமி கொண்டுவந்த சூட்கேஸைத் திறந்து, தன் கம்பளிச் சட்டைகளை மடித்து அதற்குள் வைக்கத் தொடங்கினாள். நான் ஒரு சட்டையை மடித்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. என் மனைவி போவதற்கு நானே மடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது இரண்டாவது சட்டையில்தான் உறைத்தது; கை அப்படியே நின்றுவிட்டது.

"எங்கை வெளிக்கிடுறாய்?" என்றார் மாமி.

"உங்கடை வீட்டைதான். அதுக்குத்தானே சூட்கேஸ் கொண்டுவந்தனீங்கள்."

"விசரோ உனக்கு? பால் காய்ச்சின வீட்டை அண்டைக்கே விட்டிட்டுப் போறதோ? இண்டிரவு இஞ்சைதான் படுக்கவேணும்."

"ஷோபாஜ் இல்லை அம்மா."

"பால் கிழக்காலை பொங்கினதடி."

"அப்ப நீங்களும் படுங்கோ. பானை வைச்சது நீங்கள்."

மாமி கோட்டுப் பொத்தான்களைப் பூட்டினார். சாக்குக்குள்ளால் குளிர் இறங்கி வந்து, கடன் கேட்டு வந்தவனைப்போல எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தது. சுபாங்கி இருமினாள். மாமி மகளைப் பார்த்தார். சரிந்து கிடந்த வீட்டைப் பார்த்தார். பிறகு முன்பக்கம், ஸ்டியரிங் இருந்த பக்கம் திரும்பினார். அதைக் கண்டு அவர் அதிர்ந்தது முகத்தில் தெரிந்தது.

"தம்பி, இது ஓடுமோ?"

எனக்கும் அதே அதிர்ச்சி. கார்த்திகையில் இந்த முற்றத்தில் கொண்டுவந்து விட்டதோடு, இது ஒரு வாகனம் என்பதே மறந்து போயிருந்தது. இத்தனை நாளும் கூரை, குழாய், ஷோபாஜ் என்று திருத்திய நான் சில்லுகளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"ஓடும் எண்டுதான் நினைக்கிறன் மாமி."

"இந்த வீட்டிலை படுக்கவேணும் எண்டுதான் சொன்னது. இந்த முற்றத்திலை எண்டு ஆரும் சொல்லேல்லை. எங்கடை பில்டிங்குக்குக் கீழை கொண்டுவந்து விடு. குசினி யன்னலாலை கரண்ட் வயர் எறியலாம். சின்ன ஹீட்டர் ஒண்டு கிடக்கு."

அண்ணை ஜக்கை இறக்கினார். என்ஜின் பற்றரி செத்திருந்தது, தன் வானிலிருந்து வயர் கொடுத்து உயிர்ப்பித்தார். என்ஜின் நடுங்கி, புகை கக்கி, ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்துத் துவாரத்திலிருந்து சூடான காற்று வந்தது. இந்த வானில் இதுவரை உடையாத ஒரே ஷோபாஜ் அது. நான் அதைப் போட்டுப் பார்த்ததே இல்லை. சுபாங்கி துவாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுவும் கிடந்ததோ" என்றாள். அதைப் பற்றி லெ பிளாங்-மெனிலில் கதைப்போம் என்று அதற்குப் பொருள்.

முன்னிருக்கையில் மூவரும் நெருங்கி உட்கார்ந்தோம். மாமி பானையை மடியில் வைத்து, பானைக்கும் சேர்த்துப் பெல்ட் போட்டார்.

"போய்ச் சேர்ந்தோடனை நீ மேலை வந்து என்னோடை படு பிள்ளை" என்றார்.

"பால் காய்ச்சின வீட்டிலைதான் படுக்கவேணும் எண்டு சொன்னது ஆர்?" என்றாள் சுபாங்கி. அவள் கை என் முழங்காலில் இருந்தது.

வான் முற்றத்தை விட்டுத் தெருவுக்கு இறங்கியது. பின்னால் கரண்டிகளும் தட்டுகளும் சரிந்து விழுந்தன. மாமி திடுக்கிட்டு ஒரு கையால் பானையையும் மறுகையால் மகளையும் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா ஓட்டு தம்பி," என்றார். "வீட்டிலை சாமான் உடையப்போகுது."