தட்டிப் பார்த்த கல்

1

முழங்கால் வீக்கத்திலிருந்து வந்த கதை இது. டைல்ஸ் பதிப்பவர் ஒருவர் இருபத்தாறு வருடம் மண்டியிட்ட கால். ஒரு வாரம் வேலைப் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். எழுதுவது அவருடைய மகள். 'நான்' என்று எழுதினால் தன் கட்சியையே பேசிவிடுவாள் என்பதால், 'அவள்' என்றே போகட்டும்.

முதலில் தொடங்கியது இப்படி: நீலமும் பச்சையுமாக ஒளிர்ந்த அந்தக் கல், ஒரு கனவைப் போல

அந்த வரியை அடித்தாயிற்று. கனவுமில்லை, கத்தரிக்காயுமில்லை. கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் கணினி விளையாட்டில் வருகிற அலங்காரக் கல் அது. மயில்கழுத்துக் கல் என்பார்கள். ஆடுபவரின் பெயர் அதன் முகப்பில் பொறித்திருக்கும். எட்டு மாதம் விடாமல் ஆடினால் கிடைக்கும். ஓர் ஆளுக்கு ஒன்றுதான்.

2

அந்த விளையாட்டில் அவள் ஒரு மண்டபம் கட்டியிருந்தாள். போட்டிக்கு அனுப்ப அன்று மாலை ஆறு மணி கடைசி. மயில்கழுத்துக் கல் இல்லாத கட்டடத்தைச் சேர்க்க மாட்டார்கள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், தரையை முடித்து நடுவில் அந்தக் கல்லைப் பதித்துவிடும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

(மவுஸ் பிடிக்கப் பழக அவருக்கு அரை மணி நேரம் ஆனது. கொத்துக்கரண்டி அளவு கனம் இருந்தால் கை ஆடாது என்றாராம்.)

நடுக்கோடு பிடித்து, ஒரு கட்டை பிசகாமல் பதித்தார். அவளுக்கு அப்படி வராது. கடைசியில் மயில்கழுத்துக் கல். பிறகு, பதித்த எல்லாக் கல்லுக்கும் செய்வதை இதற்கும் செய்தார்: அடியில் கலவை நிறைந்திருக்கிறதா, காலியா என்று சத்தம் கேட்க நாலு தட்டு.

அந்த விளையாட்டில் தட்டுவது என்றால் உடைப்பது. மற்ற கட்டைகள் உடைந்தால் ஆடுபவரின் பைக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது.

3

ஐந்தரைக்கு வந்தாள். தரையின் நடுவில் குழி.

"தட்டிப் பாக்காம எந்தக் கல்லையும் நான் விட்டது கெடையாது," என்றார் அப்பா. குரல் இறங்கவில்லை. "நாலு தட்டு தாங்காதது என்ன கல்லு? குடுத்தவனப் போய்க் கேளு."

இந்த இடத்தில் அவர் கண் கலங்கட்டுமே என்றாள், பத்திரிகை நடத்தும் தோழி. அப்பாவைப் பார்த்திராதவள். இன்னொரு வரைவில் குழியையே மெச்சி நடுவர்கள் பரிசு [பொய். திருப்பி அனுப்பிவிட்டார்கள்.] மற்றொன்றில் அப்பாவும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து புதிதாக [இதுவும் பொய்.]

4

ஐந்து வரைவிலும் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அன்று அவள் சொன்னது.

"எட்டு மாசம்பா. அதுல என் பேரு இருந்துச்சு. நீங்க ஊரெல்லாம் தரை போட்டீங்களே, ஒண்ணுலயாவது உங்க பேரு இருக்கா?"

அவர் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். மறுநாள் காலையே, வீங்கிய காலோடு வேலைக்குப் போய்விட்டார்.

முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவரை அழவைக்க மட்டும் அவள் விடமாட்டாள். தட்டிப் பார்த்ததற்கு அவர் யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை. அந்தக் கேள்விக்கு அவள்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆறு வருடம் ஆகிறது. இன்னும் கேட்கவில்லை.