திரும்பிப் பார்க்காமல் போனவர்

அரசை எதிர்த்தவர்களை ஒரு காலத்தில் அடைத்துவைத்த அந்த லண்டன் சிறை இப்போது நினைவு அருங்காட்சியகம். அதன் வாசலில் ஈரக்குடையோடு நின்றார் குலசேகரம்.

வரச்சொன்னவர் எமில்டா, யேசுரட்ணத்தின் மனைவி. இலங்கைச் சிறையில் யேசுரட்ணமும் குலசேகரமும் பதினாலு மாதம் ஒரே அறையில் கிடந்தவர்கள். குலசேகரம் விடுதலையாகி வந்தார். யேசுரட்ணம் உள்ளேயே காய்ச்சலில் செத்துப்போனார். இப்போது லண்டனில் எமில்டா இருப்பது மோர்டனில், இவர் கோலியர்ஸ் வுட்டில். இரண்டே ஸ்டேஷன் தூரம். இருந்தும் முப்பது வருசம் அவர் கண்ணில் படாமல் தப்பித் திரிந்தார் மனிதர். கலியாண வீட்டில் எமில்டாவைக் கண்டால், உடனே காரை வேறிடத்தில் மாற்றி நிறுத்தவேண்டிய அவசரம் அவருக்கு வந்துவிடும்.

தன் மனுசன் இருந்த சிறையைத்தான் பார்க்க முடியாது, இதையென்றாலும் பார்ப்போம் என்று எமில்டா போனில் கேட்டபோது மறுக்க வாய் வரவில்லை.

சிறையறை ஒன்றுக்குள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த சோடி வெளியேறியதும் இருவரும் நுழைந்தார்கள். குலசேகரம் குடையைச் சுவரில் சாத்தினார். யேசுரட்ணம் எங்கே படுத்தார், செபம் சொன்னாரா என்றெல்லாம் எமில்டா கேட்டார். இவரும் சொன்னார். பிறகு, இவர் இத்தனை வருசம் பயந்திருந்த கேள்வி வந்தது.

"நீங்கள் வெளிக்கிட்டுப் போகேக்க அவர் கூப்பிட்டவராம். நீங்கள் திரும்பியும் பாக்கேல்லையாம். உண்மையோ அண்ணை?"

"ஓம். கேட்டது."

விடுதலையாகிறவன் திரும்பிப் பார்த்தால் மறுபடி உள்ளே வருவான் என்பது அங்கே எல்லாருடைய நம்பிக்கை. அதனால் போகிறவனை ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். யேசுரட்ணம் மட்டும் கூப்பிட்டார், இரண்டு தரம்.

"உமக்கு ஏதும் சொல்லிவிட நினைச்சானோ தெரியாது, தங்கச்சி. நான் பயந்திட்டன்."

வெட்கத்தில் அவரால் நிமிர முடியவில்லை. எமில்டா சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். அதற்கு மேல் நிற்க ஏலாமல் குலசேகரம் வெளியே வந்து நடைவழியில் விறுவிறென்று நடந்தார்.

"குலம் அண்ணை."

பழைய பயம் பிடரியில் ஏறியது. கால் நின்றுவிட்டது. மெல்லத் திரும்பினார்.

அறை வாசலில் எமில்டா அவருடைய குடையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

"விட்டிட்டுப் போறியள். அவரும் இப்பிடி எதுக்கோதான் கூப்பிட்டிருப்பார். ஆர் எதை மறந்தாலும் பின்னால ஓடுற மனுசன்."

விடுதலையான அன்றைக்குத் துணிக்கொடியிலேயே விட்டுவந்த, இடுப்பில் கட்டும் தன் நீலச் சாரம் குலசேகரத்துக்கு ஞாபகம் வந்தது. குடையை வாங்கத் திரும்பி நடந்தவர், பாதி வழியிலேயே அழத் தொடங்கிவிட்டார்.