பதினோராவது கூடுதல் நேரம்

எங்கள் கல்லூரிக்கும் பக்கத்து ஊர்க் கல்லூரிக்கும் நடந்த ஹாக்கி இறுதி ஆட்டம் வியாழக்கிழமை நான்கு மணிக்கு இரண்டுக்கு இரண்டு என்று முடிந்தது. சமம் என்பதால் முடியவில்லை. சனிக்கிழமை, நான்காவது கூடுதல் நேரம் முடிந்தபோதும் மணி நான்குதான். ஆட்டம் முடியும்வரை வெளிச்சம் போகக்கூடாது என்பது விதி. சூரியன் தண்ணீர்த் தொட்டிக்கு மேலேயே நின்றது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கூடுதல் நேரம் என்பது ஏழரை நிமிடம் இந்தப் பக்கம், ஏழரை நிமிடம் அந்தப் பக்கம். ஒவ்வொன்றும் தொடங்கும் முன் இரண்டு அணியிலும் ஒவ்வொருவரை வெளியே எடுக்க வேண்டும். யாரை எடுப்பது என்பதைக் கோச் முடிவு செய்வார். எடுத்தவர் திரும்ப வர முடியாது.

தோற்கிற கல்லூரி அன்றே இல்லாமல் போகும். அதில் வாங்கிய பட்டங்கள் வெள்ளைத்தாள் ஆகிவிடும். நான் எங்கள் கல்லூரியில் பி.காம். முடித்தவன். கோவில்பட்டியில் பைக் சீட் கவர் கடை வைத்திருக்கிறேன். அதற்குப் பி.காம். தேவைப்படவில்லை. ஆனால் என் மாமனார் பி.காம். என்பதற்காகத்தான் பெண் கொடுத்தார்.

கேலரியில் என் பக்கத்தில் ஆவுடையப்பன் அண்ணாச்சி இருந்தார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருடமாக அதே இடத்தில் உட்கார்ந்து அதே கருத்தைச் சொல்கிறவர்.

"ஷூட் அவுட் வச்சு சட்டுனு முடிச்சிருக்கணும் வே. ஏழரைன்னு பேரு வச்சா எது விளங்கும்?"

"ஷூட் அவுட்டுங்கது பரீட்சை எழுத வச்சிட்டு, சீட்டுக் குலுக்கி மார்க் போடுத மாதிரி அண்ணாச்சி."

"யாராவது ஜெயிக்கணும்லா?"

"யாரு நல்ல டீம்னு தெரியணும்லா?"

இதுதான் என் கட்சி. எழுபது நிமிடம் ஆட்டக்காரர்கள் ஆடுகிறார்கள். கூடுதல் நேரத்தில்தான் கோச் ஆடுகிறார். அவர் மூன்று வருடமாகக் காலை ஐந்தரை மணிக்கு என்ன சொல்லிக்கொடுத்தார் என்பது அப்போதுதான் வெளியே தெரியும். எங்கள் கோச் தவசுக்கனி மேடத்தை நான் அப்படித்தான் கண்டுகொண்டேன்.

மேடம் மைதானக் கோட்டுக்கு வெளியே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவையும் கத்தியதில்லை. எதிரணிக் கோச் கந்தையா சார் ஒரு நிமிடத்துக்கு நாற்பது உத்தரவு போடுவார். அவர் குரல் கழுகுமலைவரை கேட்கும் என்பார்கள்.

முதல் கூடுதல் நேரத்துக்குக் கந்தையா சார் களைத்துப்போன ஒருவனை எடுத்தார். மேடம் எங்கள் ஜெரால்டை எடுத்தார். ஜெரால்டு எங்கள் அணியிலேயே சிறந்தவன். இரண்டு கோலும் அவன் போட்டதுதான்.

நான் எழுந்து நின்று கத்தினேன். "கோச்சுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா!"

மேடம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆட்டம் தொடங்கியது. ஐந்து நிமிடத்தில் எனக்கு விஷயம் புரிந்தது. அதுவரை பத்துப் பேரும் பந்து கிடைத்ததும் ஜெரால்டைத் தேடினார்கள். இப்போது தேட ஆள் இல்லை. ஒருவரை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். பந்து தையல் மெஷினில் போகிற நூல் மாதிரி போனது. நான் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

இரண்டாவதில் நடுவில் ஆடுகிற சென்டர் ஹாஃபை எடுத்தார். கத்தினேன். புரிந்தது. உட்கார்ந்தேன். மூன்றாவதிலும் நான்காவதிலும் அதேதான்.

ஐந்தாவதுக்கு மேடம் கோல்கீப்பரை எடுத்தார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "இதையும் பொறுத்துக்கிடுவீரோ?"

என்னால் முடியவில்லை. ஆட்சேபம் எழுதிக்கொடுக்க ஆபீசுக்குப் போனேன்.

ஆபீஸ் கேலரிக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் இருந்தது. வராந்தாவில் நடந்தேன். பழைய கேப்டன்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. ஐம்பது படம் தாண்டியதும் இன்னும் பிறக்காத கேப்டன்களின் படங்கள் தொடங்கின. நல்ல பையன்களாகத் தெரிந்தார்கள். இடையில் இரண்டு தடவை உட்கார்ந்து ஓய்வெடுத்தேன். ஆபீஸ் அதே பத்தடியில் இருந்தது. கடைசியில் நின்ற இடத்திலேயே நின்றேன். கதவு வந்துவிட்டது.

உள்ளே கிளார்க் லூர்துமேரி இருந்தார். என்னுடன் படித்தவர். என்னைத் தெரியாத மாதிரி ஒரு படிவத்தை நீட்டினார்.

"கருத்து உடைமைச் சான்று. அது இல்லாம ஆட்சேபம் வாங்க முடியாது. பேரு?"

"பால்வண்ணன். நம்ம ஒண்ணாத்தான படிச்சோம்?"

"ஆட்டம் முடியட்டும். அதுக்கப்புறந்தான் படிச்சோமா இல்லையான்னு சொல்ல முடியும். கருத்து எப்பப் பிறந்துச்சு?"

"கோல்கீப்பர எடுத்தப்ப."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியும் இருந்துச்சு. சின்னதா."

"உயிரோட இருக்கா?"

"இருக்கு."

"சாட்சி?"

"ஆவுடையப்பன் அண்ணாச்சி. எனக்குப் பக்கத்துல இருக்காரு."

லூர்துமேரி ஒரு பேரேட்டைப் புரட்டினார். "அவரால கையெழுத்துப் போட முடியாதே. எதிரணி கோல்போஸ்ட்ல இடது கம்பம் விரிசல் விட்டுட்டு. நகராத ஆளா ஒருத்தர் வேணும்னு கேட்டாங்க. அவர நிப்பாட்டியிருக்கோம்."

அண்ணாச்சிக்கு அது பொருத்தம்தான். அவர் எதிலும் இருந்து நகர்ந்ததில்லை.

லூர்துமேரி படிவத்தில் மூன்று முத்திரை குத்தினார். "உங்க கருத்த ஏத்துக்கிட்டாச்சு."

"கோல்கீப்பரத் திரும்ப விடுவாங்களா?"

"அது இல்ல. இனிமே நீங்கதான் கோச்."

ஒரு விசிலைக் கழுத்தில் மாட்டிவிட்டார். அது இன்னும் சூடாக இருந்தது.

திரும்பி வர ஒரு நொடிதான் ஆனது. அதற்குள் ஐந்து கூடுதல் நேரம் போயிருந்தது. ஒன்பதாவது அப்போதுதான் முடிந்திருந்தது. எங்கள் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். இன்னும் இரண்டுக்கு இரண்டு. கோல்கீப்பர் இல்லாமலேயே ஒரு கோலும் விழவில்லை. பின்னால் ஆள் இல்லை என்று தெரிந்தபின் யாரும் பந்தைப் பின்னால் விடவில்லையாம். ஜெரால்டு சொன்னான். எனக்கு வெட்கமாக இருந்தது.

மேடம் கோட்டைவிட்டு விலகி எனக்கு இடம் கொடுத்தார்.

"மேடம், நான் எழுதிக் குடுக்கத்தான் போனேன். இத நான் கேக்கல."

"பரவால்ல சார். உங்க இடம் எது?"

"மூணாவது வரிசை. தூணுக்குப் பக்கத்துல."

"கடலை இருக்கா?"

"பையில இருக்கு."

மேடம் மேலே ஏறிப் போய் என் இடத்தில் உட்கார்ந்தார். கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். பிறகு எழுந்து நின்று கத்தினார்.

"ஏ கோச்சு! எவனவே எடுக்கப் போறீரு? கண்ணு தெரியுதா உமக்கு?"

நல்ல கனத்த குரல். இருபத்திரண்டு வருடம் சேர்த்து வைத்தது. கேலரியில் புறாக்கள் எழுந்து வேறு ஊருக்குப் போயின.

அப்போது என் மனைவி செண்பகவல்லி போன் செய்தாள்.

"ஏங்க, உங்களக் கோச்சாப் போட்டிருக்காங்களாமே?"

"ஆமா."

"சுவத்துல இருக்க உங்க சர்டிபிகேட்டு வெளுத்துக்கிட்டே வருதுங்க. உங்க பேரு மட்டுந்தான் தெரியுது. நம்ம கல்யாண போட்டோல நான் ஒத்தையில நிக்கேன்."

"நான் எங்க?"

"மால மட்டும் இருக்கு. பாத்துச் செய்யுங்க."

போனை வைத்தேன்.

இருந்த இருவரில் ஒருவன் முகைதீன். வலது விங்கில் மின்னல் மாதிரி ஓடுகிறவன். இன்னொருவன் இசக்கிதுரை. இடது பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிறவன். மூன்று வருடமாக அவனுக்கு ஒருவரும் பாஸ் கொடுத்து நான் பார்த்ததில்லை. கேலரியிலிருந்து அவனை எடுக்கச் சொல்லி நானே நூறு தடவை கத்தியிருக்கிறேன். இப்போதும் அவனைத்தான் கைகாட்டினேன்.

அவன் உட்கார்ந்து காலில் கட்டியிருந்த பேடைக் கழற்றத் தொடங்கினான். கழற்றிப் பழகியவன் மாதிரி கழற்றினான்.

"வருத்தமாப்பா?" என்றேன்.

"இல்ல சார். நீங்க சொன்னாச் சரி. ஆனா அடுத்தது ஒத்தைக்கு ஒத்தல்லா?"

"ஆமா."

"முகைதீனுக்குப் பாஸ் குடுக்க ஆளு வேணும் சார். நான் எப்பவும் ஒத்தையிலதான ஆடுதேன்."

மேடம் ஒன்பது தடவை மற்றவர்களை எடுத்து இவனை ஏன் வைத்திருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. மேலே பார்த்தேன். அவர் கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார். யோசனை சொல்ல அவருக்கு இப்போது உரிமை இல்லை. பார்வையாளர் கத்தலாம், சொல்லித்தரக்கூடாது.

"பேடக் கட்டு," என்றேன். முகைதீன் என் கையைக் குலுக்கிவிட்டு வெளியே போனான்.

பத்தாவது கூடுதல் நேரம் தொடங்கியது. எதிரணியில் மிஞ்சியவன் ரஞ்சன். ஆறடி உயரம். மாநில அணிக்கு ஆடுகிறவன். பந்தோடு நேராக வந்தான். நான் பயந்து ஐந்து உத்தரவை ஒன்றாகக் கத்தினேன். இசக்கிதுரை ஐந்தையும் ஒரே நேரத்தில் செய்தான். செய்து விழுந்தான். பந்து கோலுக்கு ஒரு சாண் வெளியே போனது.

"வாய மூடும்யா கோச்சு!" என்று மேலிருந்து மேடம் கத்தினார்.

மூடினேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அது சுலபமில்லை. இருபது வருடமாக முன்னால் ஆட்டிப் பழகிய கை. வாய்க்குள் வார்த்தைகள் வந்து பல்லில் முட்டின. விழுங்கினேன். இசக்கிதுரை எழுந்தான். ரஞ்சன் மறுபடி வந்தபோது அவன் பந்தைப் பார்க்கவில்லை, ரஞ்சனின் இடுப்பைப் பார்த்தான். மட்டையை ஒரு தடவை நீட்டினான். பந்து அவனிடம் இருந்தது.

இடைவேளையில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. "தண்ணி குடி," என்றேன்.

அவன் குடித்தான். பாட்டிலை ரஞ்சனிடம் நீட்டினான். ரஞ்சனுக்கு வியாழக்கிழமையிலிருந்து யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை போலிருக்கிறது. கந்தையா சாருக்கு உத்தரவுகளுக்கு நடுவே அதற்கு இடம் கிடைத்திருக்காது. அவன் பாட்டிலை முடித்தான்.

பத்தாவதும் சமம்தான்.

பதினோராவதுக்கு நான் இசக்கிதுரையை எடுத்தேன். கந்தையா சார் ரஞ்சனை எடுத்தார். மைதானத்தில் யாரும் இல்லை. அம்பயர் இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்தார். "சைபருக்கு சைபர். சரியா இருக்கு," என்று விசில் ஊதினார்.

பந்து நடுவில் கிடந்தது.

கந்தையா சார் உடனே தொடங்கினார். "ரைட்ல போ! வளைஞ்சு வா! ஏறு ஏறு!" அவர் பக்கத்துப் புல் ஒவ்வொரு உத்தரவுக்கும் காத்திருந்து சாய்ந்தது. சொல்லாமல் ஒன்றும் செய்யவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. கைகளைப் பின்னால் கட்டி நின்றேன்.

பதிமூன்றாவது நிமிடம் கந்தையா சாரின் தொண்டை அடைத்தது. அவர் பக்கம் அப்படியே நின்றுபோனது.

அப்போது பந்து நகர்ந்தது. காற்று இல்லை. பந்து வலது விங்குக்குப் போனது, முகைதீன் நிற்கிற இடம். அங்கே ஒரு நொடி நின்று உள்ளே வந்தது, சென்டர் ஹாஃபின் இடம். அங்கிருந்து ஜெரால்டிடம் போகும் என்று நினைத்தேன். போகவில்லை. இடது பக்கம் திரும்பி, இசக்கிதுரை எப்போதும் கைதூக்கி நிற்கிற வெற்றிடத்துக்குப் போனது. மூன்று வருடக் காலை ஐந்தரை மணி மைதானத்துக்கு மனப்பாடமாகியிருந்தது. வெளியே உட்கார்ந்திருந்த பதினோரு பேரும் எழுந்தார்கள். பந்து அவசரமில்லாமல் கோலுக்கு முன்னாலுள்ள டி வளைவுக்குள் நுழைந்தது. ஆவுடையப்பன் அண்ணாச்சியின் காலுக்கு உள்பக்கமாக வலைக்குள் போனது.

மூன்றுக்கு இரண்டு. அம்பயர் நீளமாக விசில் ஊதினார்.

இதைவிட நல்ல கோலை நான் பார்த்ததில்லை. இதற்காகத்தான் கூடுதல் நேரம் வேண்டும் என்கிறேன்.

போன் அடித்தது. "நீங்க போட்டோல வந்துட்டீங்க," என்றாள் செண்பகவல்லி. "சர்டிபிகேட்டுல உங்க மார்க்கு கூடியிருக்கு. சாம்பார் வைக்கட்டுமா?"

"வை."

கந்தையா சார் வந்து என் கையைப் பிடித்தார். குரல் வரவில்லை. தலையை மட்டும் அசைத்தார். அவருடைய கல்லூரி அப்போதே மேற்கு மூலையிலிருந்து குறையத் தொடங்கியிருந்தது. எங்கள் பிரின்சிபால் அந்தப் பிள்ளைகளுக்கு இங்கே அட்மிஷன் போடச் சொல்லிவிட்டார். ரஞ்சன் முதல் ஆளாக இசக்கிதுரைக்குப் பின்னால் போய் நின்றான்.

அம்பயர் மேசை போட்டு ஸ்கோர் ஷீட்டை விரித்தார். கோல் போட்டவர் பெயர் வேண்டும் என்றார். யாரும் போடவில்லை என்றோம். அப்படியென்றால் எல்லோரும் வரிசையில் வாருங்கள் என்றார். பதினோரு பேரும் பெயர் சொன்னார்கள். நானும் சொன்னேன். கடைசியாக மேடம் கேலரியிலிருந்து இறங்கி வந்தார். சேலையில் கடலைத் தோல் ஒட்டியிருந்தது. விசிலைக் கழற்றி நீட்டினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"பேரு?" என்றார் அம்பயர்.

"தவசுக்கனி." குரல் கரகரத்திருந்தது.

"பொறுப்பு?"

மேடம் யோசித்தார். என்னைப் பார்த்தார். மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

"பார்வையாளர்," என்றார்.

அம்பயர் எழுதிக்கொண்டார். "நல்லாக் கத்துனீங்கம்மா."

மேடத்துக்கு அதற்குமேல் குரல் எழவில்லை. இரண்டு கையையும் முன்னால் கொண்டுவந்து கும்பிட்டார்.