காற்று போனாலும் ஓடும் டயர்

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு ஊர் சர்ச்சில் ஆர்கன் வாசித்து முடித்தால், பத்தரைக்கு முப்பத்திரண்டு மைல் தள்ளியிருக்கும் இன்னொரு சர்ச்சில் ஆர்லிஸ் மறுபடியும் ஆர்கன் முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். வட டகோட்டாவின் அந்த மூலையில் அறுபத்தெட்டு வயதில் இதெல்லாம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், அப்புறம் யார் வாசிப்பதாம்? அந்த இரண்டாவது சர்ச்சில் மொத்தமே பதினான்கு பேர். அந்தப் பதினான்கு பேரும், நடுவில் தன்னந்தனியாகக் கார் ஓட்டுகிற நாற்பது நிமிடமும்தான் அவளுக்கு வாரம் முழுக்கத் தெம்பு.

அதற்குத்தான் இப்போது ஆபத்து. அவள் கணவர் ஹால்வர் ஒரே பிடியாய்ப் பிடித்துக்கொண்டார். ரன்-ஃப்ளாட் என்று ஒரு டயர் இருக்கிறதாம். காற்று முழுக்கப் போனாலும் ஐம்பது மைல் ஓடுமாம். நாலு சக்கரத்துக்கும் அதை மாட்ட வேண்டும், இல்லையென்றால் அந்த இரண்டாவது சர்ச்சுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட வேண்டும்.

எல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை வந்த வினை. பாதி வழியில், செல்போன் எடுக்காத பள்ளத்தில், பின் டயர் பஞ்சர். ஆர்லிஸ் வீல் ஸ்பேனரோடு மல்லுக்கட்டிப் பார்த்தாள். நட்டு அசையவே இல்லை. சரி, யாராவது வருவார்கள் என்று ரோட்டோரம் நின்றாள். வந்தார்கள். ஒரு பிக்கப் வண்டி வந்தது, அவள் கையைத் தூக்கினாள். ஓட்டியவர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கி மரியாதையாகப் பதில் வணக்கம் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் விரலைத் தூக்காமல் போனால் அந்தப் பக்கத்தில் அது பெரிய குற்றம். பஞ்சரான சக்கரமோ ரோட்டுக்கு மறுபக்கம் மறைந்திருந்தது. பியானோ டீச்சரம்மா காற்று வாங்குகிறாள் என்று நினைத்திருப்பார்கள். இப்படியே நாலு பேர், நாலு பேரும் தெரிந்தவர்கள். இரண்டு கையையும் வீசிக் கூப்பாடு போட்டிருக்கலாமே என்றால், அது அவள் வளர்ந்த விதத்திலேயே இல்லை. கடைசியில் நின்றது டெக்சஸ் நம்பர் போட்ட ஒரு கார். பாவம், அந்த ஆளுக்கு ஊர் வழக்கம் தெரியாது.

சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆராதனை முடிந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அதுவரை அவள் போன் வராமல் ஹால்வர் வீட்டு ஜன்னலோரம் நின்றிருந்தார். இடுப்பு எலும்பு மாற்றிய பிறகு அவருக்குக் கார் ஓட்டத் தடை. பயந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வருமா அவருக்கு? டயர், டயர் என்று ஆரம்பித்துவிட்டார்.

புதன்கிழமை இரண்டு பேரும் கர்ட்டிஸின் டயர் கடைக்குப் போனார்கள். கர்ட்டிஸ் சின்ன வயதில் ஆர்லிஸிடம் பியானோ கற்று, இரண்டு வருஷத்தில் இரண்டு பேரும் மனமொப்பிக் கைவிட்ட மாணவன். ஹால்வர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, டயர் நல்ல டயர்தான். ஆனா இது பழைய கார். காத்து குறைஞ்சா சொல்ற விளக்கு இதுல கிடையாது. டயர் விறைப்பா நிக்கும், போனதே டீச்சருக்குத் தெரியாது. அவங்க பாட்டுக்கு எழுபது மைல் வேகத்துல ஓட்டிட்டே இருப்பாங்க. அப்புறம் அது கிழியும் பாருங்க, நடுரோட்டுல."

விளக்கு தனியாக வாங்கி மாட்டலாமே என்றார் ஹால்வர். மாட்டலாம்தான், ஆனால் டயர் பக்கவாட்டில் கல் மாதிரி இருக்கும், சரளை ரோட்டில் டீச்சருடைய பல் ஆடும், பஞ்சரானால் தன்னால் ஒட்டித் தர முடியாது, புதுசு பிஸ்மார்க் நகரத்திலிருந்து வர மூன்று நாள் ஆகும் என்றான் கர்ட்டிஸ். ஹால்வர் விடுவதாக இல்லை. கேள்வி மேல் கேள்வி.

ஆர்லிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓட்டுகிறவள் ஒருத்தி இங்கே குத்துக்கல்லாக நிற்கிறாள், இரண்டு ஆம்பிளைகளும் அவள் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருக்கிறார்களே! டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை உருட்டி இறக்கினாள். ஸ்பேனரை நட்டில் மாட்டினாள். கையால் அழுத்தினாள், அசையவில்லை. நாற்பது வருஷமாக ஆர்கன் பெடலை மிதித்த கால் எதற்கு இருக்கிறது? காரைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனர்மேல் ஏறி ஒரு மிதி. கிறீச் என்றது நட்டு.

ஐந்து நட்டும் இளகின. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டி இறக்கினாள். கை முழுக்கக் கறுப்பு. ஹால்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருபத்தாறு நிமிஷம்" என்றார். அவ்வளவுதான்.

அன்று மாலை சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் போனில் பேசினார். பிஸ்மார்க்கிலிருந்து டயர் வரவழைக்கிறார் மனுஷன் என்று ஆர்லிஸ் முடிவு கட்டிவிட்டாள். அடம் பிடித்தால் பிடித்ததுதான். வரட்டும், திருப்பி அனுப்பிவிடலாம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஞாயிறு வந்தது. நல்ல வெயில், இரண்டு பக்கமும் கோதுமை முளைத்துப் பச்சையாக இருந்தது, காரில் அவளும் அவள் முணுமுணுக்கிற பாட்டும்தான். எதிரே ஒரு பிக்கப். வழக்கம்போல் இரண்டு விரலைத் தூக்கினாள். பிக்கப் சட்டென்று பிரேக் போட்டு, திரும்பி, பின்னாலேயே வந்து விளக்கை மினுக்கியது. நிறுத்தினாள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று நாலு டயரையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் அவர் போனார். ஆறு மைலில் இன்னொருவர். பள்ளத்தில் மூன்றாவது ஆள். சர்ச் வாசலுக்கு வந்தபோது பதினொரு நிமிடம் தாமதம். முதல் பாட்டை அவர்களே இழுத்துப் பாடி முடித்திருந்தார்கள்.

காபி குடிக்கும்போது, அன்று விரலைத் தூக்கிவிட்டுப் போன நாலாவது மனிதர் டென்னிஸ் அருகில் வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"மன்னிச்சுக்கங்க ஆர்லிஸ். புதன்கிழமை ஹால்வர் போன் பண்ணாரு. எங்க நாலு பேருக்கும் பண்ணியிருக்காரு. 'அவ கையத் தூக்கினா ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டுப் போங்க, எனக்கு ஒரு உதவியா'ன்னு கேட்டாரு."

ஆர்லிஸ் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். ஹால்வர், இடுப்பு ஆபரேஷனாகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அறுவடைக்கு ஆள் அனுப்புகிறோம் என்று வந்த அக்கம்பக்கத்தாரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய மனுஷன். கல்யாணமாகி நாற்பத்திமூன்று வருஷத்தில் பக்கத்து வீட்டில் அவர் ஒரு கை உப்புக் கேட்டு அவள் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தாள். ஹால்வர் ஜன்னலோரம் இல்லை. மேஜையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார், அல்லது படிப்பதுபோல் இருந்தார்.

"பதினோரு நிமிஷம் லேட்டு" என்றாள்.

"பஞ்சரா?"

"இல்ல."

அவர் பக்கத்தைத் திருப்பினார். காதுமடல் மட்டும் சிவந்தது. அவள் போய் அவருடைய தோளில் கையை வைத்தாள்.

"அடுத்த வாரம் ஒரு கால்மணி முன்னாடியே கிளம்பணும்" என்றாள்.

"ஆமா" என்றார் ஹால்வர். "கிளம்பு."